குற்றாலம் ஸ்டேஜ்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்துக்கு வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்துவிட்டார்கள். அதில் கொஞ்சத்தை என் கணக்கிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடியோ கேம்களின் அடுத்தடுத்த பாகங்கள் ரசிகர்களுக்குத் தருவது மகிழ்ச்சியா, ஏமாற்றமா என்பது தலைப்பு. நான் ஏமாற்றம் அணி. பொங்கலுக்குப் பொங்கல் மாமியாரா மருமகளா என்று கேட்டு அலுத்துப்போய், இந்த வருஷம் தலைப்பை இளவட்டங்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள். முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார் பயப்பட வேண்டாம், உங்களுக்கும் புரியும். மூத்த மருமகள் தங்கமாக இருந்தாள். அவள் பிறந்த வீட்டிலேயே அடுத்த பெண்ணையும் எடுத்தோம். அப்புறம் நடந்ததுதான் இன்றைய தலைப்பு.

எதிரணித் தம்பி பேசும்போது, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் முதல் பாகத்தை விட நன்றாக இருக்கிறது என்றார். உண்மை. ஹாஃப் லைஃப் இரண்டாம் பாகமும் அப்படித்தான் என்றார். அதுவும் உண்மை. அதையெல்லாம் பேச எனக்கு நேரமில்லை.

போகிற போக்கில் இன்னொன்று சொன்னாரே, அதற்கு வருகிறேன். "கேம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சிக்குத்தான் வயசாயிட்டு. அந்தக் காலத்துல அவரு தலையில முடி இருந்திச்சு. முடி இருந்த சந்தோசத்தை, கேம் கொடுத்த சந்தோசம்னு நெனைச்சுக்கிட்டாரு" என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அது பரவாயில்லை. மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரியும் தட்டினாள்.

தம்பி, முடி போனது உண்மை. ஒளிக்க இடமில்லை. ஆனால் போன முடிக்குப் பதிலாக ஒரு விக்கை வாங்கி மாட்டிக்கொண்டு, "இதுதான் முடி, இரண்டாம் பாகம். பழைய முடியை விடப் பிரமாதம். நாலாயிரம் ரூபாய் கொடுத்துப் பாருங்கள்" என்று நான் ஊருக்குள் போஸ்டர் ஒட்டினேனா? இல்லையே! உள்ளது இவ்வளவுதான் என்று திறந்து வைத்துக்கொண்டு நேர்மையாகத் திரிகிறேன். விக் மாட்டுகிறவர்கள்தான் இந்தக் கேம் கம்பெனிக்காரர்கள். முன்னால் நின்று பார்த்தால் அதே முடி மாதிரிதான் இருக்கும். ஆடிக்காற்று அடித்தால் தெரியும்.

அப்படிக் காற்றில் பறந்த விக் ஒன்று சொல்லட்டுமா? டியூக் நியூகெம் 3டி 1996-ல் வந்தது. அடுத்தது வருகிறது என்று 1997-ல் அறிவித்தார்கள். வந்து சேர்ந்தது 2011-ல். 14 வருஷம், ராமர் காட்டுக்குப் போன கணக்கு. ரசிகன் பரதன் மாதிரி பழைய சிடியைப் பீடத்தில் ஏற்றி வைத்துப் பூசை பண்ணிக்கொண்டு இருந்தான். பழைய கேமில் ஆயுத பூஜைக்கு அடுக்கினது போல அத்தனை துப்பாக்கியும் ஒரே ஆளிடம் இருக்கும். 14 வருஷம் கழித்து வந்தவன் கையில், ஒரு நேரத்துக்கு ரெண்டே ரெண்டு. ரசிகர்கள் கத்தின பிறகு, கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு அதை நாலாக்கினார்கள். கல்யாணப் பந்தியில் சண்டை போட்டு வாங்குகிற ரெண்டாவது அப்பளம் மாதிரி. ராமர் வந்தார், வில் எங்கே என்று கேட்டால், பாதியைக் காட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்றால் பட்டாபிஷேகம் நடக்குமா?

ஆங்கிரி பேர்ட்ஸ் கதை இன்னும் மோசம். 2009-ல் வந்த பழைய கேமை 2022-ல் அதே மாதிரி திரும்பச் செய்து விட்டார்கள். ஒரு தடவை காசு கட்டினால் போதும். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்ன காரணம்? அது இருந்தால் எங்கள் மற்ற கேம்களைப் பாதிக்கிறதாம். பேரன் போட்ட புதுக்கடை ஓடவில்லை என்று தாத்தா கடைக்குப் பூட்டுப் போட்ட கதை. புதியது நல்லது என்றால் பூட்டு எதற்கு? இதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். முடியைப் பற்றி அல்ல.

சரி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. அம்மா அப்பளம் தேய்த்து மிச்சம் பிடித்த காசில் ஒரு டிவி கேம் வாங்கினோம். ரெண்டு ஜாய்ஸ்டிக், ஒரு மஞ்சள் கேசட். அதில் காண்ட்ரா இருந்தது. 1987-ல் வெளிநாட்டில் வந்த கேம், எங்கள் தெருவுக்கு வர ஒன்பது வருஷம் ஆனது. நீல பேண்ட் போட்ட ஆள் ஒருவன், சிவப்பு பேண்ட் போட்ட ஆள் ஒருவன். நீலம் அண்ணன், சிவப்பு நான். எங்கள் வீட்டு டிவியோ கறுப்பு வெள்ளை.

புரிகிறதா? நீலமும் சாம்பல், சிவப்பும் சாம்பல். ரெண்டு பேரும் ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், ஒருவன் செத்து விழுகிறான். எவன் செத்தான்? எங்களுக்கும் தெரியாது, செத்தவனுக்கும் தெரியாது!

பின்வரிசையில் கேட்கவில்லை என்கிறார்கள், இன்னொரு தடவை சொல்கிறேன். ரெண்டு சாம்பல் ஆள். ஒருத்தன் அவுட். அண்ணனும் தம்பியும் ஒரே பிணத்தைக் காட்டி "அது நீ", "இல்ல, அது நீ" என்று அடித்துக்கொள்கிறோம். அடுக்களையிலிருந்து அம்மா, "வெளக்கு வைக்கிற நேரத்துல யாருல செத்தது?" என்று கேட்கிறாள். ஆச்சி கட்டிலில் படுத்தபடி, "அவன் பாட்டுக்கு வாரான், இவன் எதுக்கு அவனச் சுடுதான்? என்ன பாவம் செஞ்சான்?" என்று எதிரிக்காக வருத்தப்படுகிறாள். ஒரு கேமுக்குள் ஒரு பட்டிமன்றமே நடக்கும். நடுவர் அப்பா. தீர்ப்பு, டிவி ஸ்விட்சை அணைப்பது.

அதில் மூன்றாவது ஸ்டேஜ் ஒரு அருவி. நாங்கள் அதற்கு வைத்த பேர் குற்றாலம். பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். அந்த ஸ்டேஜில் ஒரு விவகாரம் உண்டு. ஒருத்தன் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும், திரும்ப இறங்காது. கீழே தங்கினவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். எதிரி சுட வேண்டாம், கூடப் பிறந்தவன் அவசரப்பட்டாலே போதும். தெருவில் பாதிப் பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது அந்தக் குற்றாலத்தில்தான்.

எங்கள் அண்ணன் ஏற மாட்டான். பாறையில் நின்றுகொண்டு, "ஏல, நீ மொதல்ல வா" என்பான். நான் வந்த பிறகு, "இப்பத் தாண்டு" என்பான். நான் அமுக்குவேன், ஆள் தாண்டுவான். எனக்கு அப்படி ஒரு பெருமை! அனேகமாக நடுவில் எங்கேயாவது ஒரு ஆள் காலி ஆகிவிடும். அண்ணன் உடனே, "நாந்தாம்ல செத்தேன், நீ வெளாடு" என்பான். செத்த பிறகும் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்க மாட்டான். கேட்டால், ராசி என்பான்.

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஐயா, ஒரு நிமிடம்.

காண்ட்ராவுக்குப் பின்னால் எத்தனையோ பாகம் வந்தது. நல்லதும் உண்டு. 1992-ல் வந்ததைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் 2019-ல் ஒன்று வந்தது, காண்ட்ரா: ரோக் கோர். அண்ணன் அப்போது மஸ்கட்டிலிருந்து தீபாவளி லீவுக்கு வந்திருந்தான். ரெண்டு பேருக்கும் ஆசை. வாங்கி, பையனுடைய கேம் பெட்டியில் போட்டு, பெரிய கலர் டிவி முன்னால் உட்கார்ந்தோம். கதாநாயகர்களில் ஒருவன் கரடி, பாண்டா கரடி. அது போகட்டும். துப்பாக்கி சூடாகிறது தெரியுமா? கொஞ்ச நேரம் சுட்டால் கொதித்துப்போய் நின்றுவிடும். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதித்து, ஜங்ஷனிலேயே நின்றுவிடுகிற பஸ் மாதிரி. காண்ட்ரா என்றால் விரல் வலிக்கும்வரை சுடுவது. இதில் விரல் சும்மா இருந்தது, துப்பாக்கிக்குக் காய்ச்சல்.

அண்ணன் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அண்ணன் ஜாய்ஸ்டிக்கைச் சோபாவில் வைத்துவிட்டு, "நம்ம குற்றாலம் மாதிரி இல்லல" என்றான்.

நான் விடவில்லை. "அந்தக் குற்றாலத்துல நீ தெனமும் செத்த, நாந்தான தனியா மேல ஏறினேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "ஏல கூறுகெட்டவனே, செத்ததெல்லாம் நீதாம்ல. எனக்கு எந்த ஆளு எம்பேச்சைக் கேக்குதுன்னு கையில தெரியும்லா. தாண்டுன்னு சொல்லிட்டு நாந்தான் அமுக்கினேன். நீயும் அமுக்குவ. ஆளு தாண்டுனதும் அம்மாவைத் திரும்பிப் பாப்ப."

இருபத்து மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறான்.

"ஏண்ணே அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவ. பொறவு நான் மட்டும் உக்காந்து என்ன செய்ய?"

மணி அடித்துவிட்டது. தீர்ப்பை நடுவர் ஐயா எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும். இங்கே பத்தரை ஆகிறது, மஸ்கட்டில் ஒன்பது. இன்னும் தூங்கியிருக்க மாட்டான். நான் கீழே இறங்கி ஒரு போன் பேச வேண்டும். வணக்கம்.