இலைக்கும் மாத்திரைக்கும் நடுவே

மருத்துவ ஆய்வையும் இயற்கை மருத்துவத்தையும் ஒருசேரக் கற்றுவர வெளிநாடு புறப்படும் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

மாணவர்களே, உடன் செல்லும் ஆசிரியர்களே, வணக்கம். பெட்டி கட்டுகிற நேரத்தில் நீண்ட முன்னுரை வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தகைய பயணங்களில் ஒரு குறை வழக்கமாக உண்டு. முற்பகல் ஆய்வகம், பிற்பகல் மூலிகைத் தோட்டம் என்று நிரல் போட்டுவிடுவார்கள். ஆய்வகத்தில் இயந்திரங்களைப் பார்த்து வியப்போம். தோட்டத்தில் செடிகளைப் படம் பிடிப்போம். இரண்டுக்கும் நடுவில் நடப்பது கண்ணில் படாமலே போய்விடும். பறித்து, உலர்த்தி, ஊறவைத்து, வடித்து, அளந்து, நோயாளிக்குக் கொடுத்து, என்ன ஆனது என்று எழுதிவைக்கிற வேலை அது. நீங்கள் படிக்கப் போவது அதைத்தான்.

மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 மே 23 அன்று சீனாவில் தொடங்கியதால் அந்த ஆய்வுக்கு 523 திட்டம் என்றே பெயர். அதில் பின்னர் சேர்ந்த தூ யூயூ என்ற பெண் ஆய்வாளரின் குழு ஏராளமான மரபு மூலிகைகளைச் சோதித்தது. சிங்ஹாவ் என்ற செடியின் சாறு முதலில் நல்ல பலன் காட்டியது. மறுபடி செய்தபோது காட்டவில்லை. அந்த இடத்தில் பலர் செடியைக் கைவிட்டிருப்பார்கள். அவர் நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிய குறிப்புக்குத் திரும்பினார். ஒரு பிடி செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது அது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் ஈதரைக் கரைப்பானாக எடுத்தார். தண்டை நீக்கி இலையை மட்டும் பயன்படுத்தினார். சாற்றில் அமிலத் தன்மையுள்ள பகுதியில் பலன் இல்லை, நச்சு இருந்தது. அதைப் பிரித்துத் தள்ளினார். 1971 அக்டோபரில் எஞ்சிய நடுநிலைப் பகுதி எலிகளின் மலேரியாவை முழுமையாக அடக்கியது. 1972-இல் தூய பொருள் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசு.

மரபறிவு வென்றது என்று ஒரு தரப்பும் நவீன வேதியியல் வென்றது என்று மறு தரப்பும் இதை மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இரண்டிலும் ருசி இல்லை. எந்தப் பகுதி, எந்தச் சூடு, எந்தக் கரைப்பான், எதைத் தள்ளுவது என்ற நான்கு முடிவுகளில்தான் அந்த மருந்து பிறந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இதே செடியின் தேநீரை மலேரியாவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு குவளையிலும் மருந்தின் அளவு மாறும்; குறைந்த அளவில் தப்பிப் பிழைக்கும் ஒட்டுண்ணி, மருந்தை எதிர்க்கப் பழகிவிடக்கூடும்.

ஆகவே எந்த இயற்கை மருத்துவ நிலையத்துக்குப் போனாலும், "இது எதற்கு நல்லது?" என்று தொடங்காதீர்கள். பத்து நோய்களின் பெயர் வரும், எழுதிக்கொண்டு திரும்புவீர்கள். வேரா, இலையா, பட்டையா? பூக்கும் முன்பா, பின்பா? பச்சையா, காய்ந்ததா? எத்தனை கிராமுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு நேரம்? எத்தனை நாள் கொடுப்பீர்கள்? எப்போது நிறுத்துவீர்கள்? யாருக்குக் கொடுக்கவே மாட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் அனுபவசாலி. மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் நல்ல உதாரணம். அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி, மாற்றுறுப்பு பொருத்தியவர்களின் சைக்ளோஸ்போரின், கருத்தடை மாத்திரை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றின் அளவை உடலில் குறைத்துவிடும். மூலிகையும் கெட்டதில்லை, மாத்திரையும் கெட்டதில்லை, சேர்க்கைதான் ஆபத்து.

பருவம் ஏன் முக்கியம் என்பதற்கு வில்லியம் விதரிங்கைச் சொல்லலாம். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் அடங்கிய ஒரு குடும்பக் கைமருந்தில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற செடிதான் என்று கண்டுபிடித்த இங்கிலாந்து மருத்துவர். கஷாயத்தின் வீரியம் ஒவ்வொரு தடவையும் மாறியதால், பூக்கும் சமயத்தில் இலையைப் பறித்து உலர்த்திப் பொடியாக்கி அளந்து கொடுத்தார். தோற்ற சிகிச்சைகளையும் மறைக்காமல் 1785-இல் வெளியிட்டார். அந்தச் செடியிலிருந்து வரும் டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குமட்டல், மஞ்சளாகத் தெரியும் பார்வை, குறையும் நாடித் துடிப்பு எல்லாம் எச்சரிக்கைகள்.

அடுத்து, பெயர்க் குழப்பம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில், ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா சேர்ந்துவிட்டது. சீன மொழியில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். அரிஸ்டோலோக்கிக் அமிலம் சுமார் நூறு பெண்களின் சிறுநீரகங்களைப் பாழாக்கியது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

இதைத் தடுப்பது சான்று மாதிரி. எந்தச் செடியைப் பற்றி எழுதுகிறீர்களோ, அதை அழுத்தி உலர்த்திய ஒரு தாள் ஏதேனும் ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர் தாவரக் காப்பகத்தில், எண்ணோடு இருக்க வேண்டும். பூவோ காயோ உள்ள கிளையை எடுங்கள். வெறும் இலையை வைத்து நிபுணரே தடுமாறுவார். தாளை விட நீளமென்றால் வளைத்து மடியுங்கள். ஓர் இலையையாவது திருப்பி அடிப்பக்கம் தெரிய வையுங்கள். முதல் சில நாள் செடியை அழுத்தியிருக்கும் செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும் என்பதால் பறித்த இடத்திலேயே எழுதுங்கள். கூடவே இடம், உயரம், தேதி, உள்ளூர்ப் பெயர், சேகரித்தவர் பெயர்.

பூஞ்சையை அற்பமாக நினைக்க வேண்டாம். 1920களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனச் செடியின் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. செடியிலுள்ள கூமரின் என்ற பொருளைப் பூஞ்சை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைக்கூமரால் என்ற பொருளாக மாற்றியிருந்தது. அதிலிருந்து வளர்ந்த ஆய்வில்தான் வார்ஃபரின் வந்தது. ஒரு கிடங்குக் கோளாறு மருந்தான கதை. ஆனால் சேமிப்பு அறையைக் காட்டச் சொல்லிக் கேட்கும்போது மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைப் பகுதிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கட்ட ஆய்வு சில பத்துப் பேரிடம் பாதுகாப்பைப் பார்ப்பது. மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒப்பிடுவது. முதல் கட்டத்தைக் காட்டி "குணமாகிறது" என்று சொன்னால், ஒப்பீட்டுக் குழு யார் என்று கேளுங்கள். நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள், பெயரைக் குறிக்காதீர்கள்.

உங்கள் உடல்நலமும் உண்டே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாவது நாளில்தான் செல்லுபடியாகத் தொடங்கும். கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட்டால் எல்லையில் திருப்பி அனுப்பக்கூடும். மாத்திரைகளை மூல உறையில், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். சாதாரணச் சளி மாத்திரைகூடச் சிக்கலாகலாம்: பத்து சதவீதத்துக்கு மேல் சூடோஎஃபிட்ரின் உள்ளதை முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது.

விதை, வேர், மண் எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். அரிய இனமென்றால், அழியும் நிலையிலுள்ள இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் அனுமதியும் தேவைப்படும். மரபணு வளத்தையும் அதோடு வரும் மரபறிவையும் ஆய்வுக்கு எடுப்பதற்கு 2010-இல் ஏற்கப்பட்ட நகோயா நெறிமுறையின் வழியே, அந்த நாட்டின் முன் ஒப்புதலும் பலனைப் பகிரும் உடன்பாடும் வேண்டும். வைத்தியர் பிரியமாகக் கொடுத்தார் என்பது அனுமதி ஆகாது. மாதிரியை அங்குள்ள ஹெர்பேரியத்திலேயே ஒப்படைத்துவிட்டு, அதன் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.