பச்சை ஒயர் எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே. சேலத்தில் முப்பது ஆண்டுகளாக வீடு வீடாக ஒயரிங் பார்த்தவன் நான். வாடகை வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதைப் பேசினாலும் நான், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவேன் என்பது என் வீட்டாரின் புகார். இன்று எர்த்திலேயே தொடங்கிவிடுகிறேன்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு லைன் வீடு. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று குடியிருந்த அம்மா முறையிட்டிருக்கிறார். வீட்டுக்காரர் சொன்ன வைத்தியம், "செருப்புப் போட்டுக்கொண்டு துவையுங்கள்." அந்த அம்மாவும் இரண்டு மாதம் அப்படியே துவைத்திருக்கிறார்! நான் போய்ப் பார்த்தபோது பிளக் பாயிண்டில் மூன்று துளையும் ஒழுங்காக இருந்தன. எர்த்துக்குப் போகும் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மீட்டர் பெட்டியைத் தாண்டி, சுவரோரமாக இறங்கி, வாசல் டைல்ஸுக்கு நாலு விரல் மேலே அறுந்து நின்றது. டைல்ஸ் ஒட்டியவர் இடைஞ்சல் என்று நறுக்கியிருக்கிறார். எர்த் குழி அடியில் புதைந்துவிட்டது. வாசல் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. சோதனைக்கு வைத்திருக்கும் பல்பை, அதாவது டெஸ்ட் லேம்ப்பை, மின்சாரம் வரும் ஃபேஸிலும் எர்த்திலும் வைத்தேன். பல்பு கண்ணே திறக்கவில்லை. தயவுசெய்து இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். கசிந்த மின்சாரத்துக்கு மண்ணுக்குள் போக வழியில்லை, அந்த அம்மாவின் கையைத் தேடி வந்திருக்கிறது.

குழி இருந்தால் மட்டும் போதாது. நம்முடையது பாறை மண். சித்திரையில் குழி காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாத கணக்குத்தான், தண்ணீர் ஊற்றுங்கள்.

செலவு யாருடையது என்று கேட்பீர்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. இங்கிலாந்தில் வாடகைக்கு விடுகிறவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஒயரிங்கைச் சோதித்து அறிக்கை தர வேண்டும். கேஸ் இணைப்புள்ள வீட்டுக்கு ஆண்டுதோறும் சான்றிதழ். நாம் அட்வான்ஸுக்கு ரசீது கேட்கவே கூச்சப்படுகிறோம். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் சோதித்து ஒரு தாளில் எழுதி வாங்கி, வாடகை ஒப்பந்தத்தோடு வையுங்கள். பச்சை ஒயர் எங்கே முடிகிறது என்பதும் அதில் இருக்கட்டும். மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதன் சுவிட்ச் கீழே விழுந்து மின்சாரம் நிற்காவிட்டால் மாற்ற வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இடிதாங்கியை விட்டுவிடுகிறேன். கேஸ் ரப்பர் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். ஐந்தாண்டு கடந்திருந்தால் மாற்றுங்கள். ஏற்காட்டுக் குளிருக்குப் பயந்து கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டிக் கதவு, சன்னலைச் சாத்திக் குளிக்கிறவர்களே, அதன் நச்சுப்புகைக்கு வாசனை கிடையாது. கீசரை வெளியே மாற்றும்வரை அடுப்பிலேயே வெந்நீர் வையுங்கள். வணக்கம்.