பேர் வைக்கும் முன் நேரம் குறியுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

2022 ஏப்ரல் 2, மராத்தியப் புத்தாண்டான குடி பாட்வா நாள். இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பு மகாராஷ்டிர வானத்தில் தீப்பொறிகள் வரிசை கட்டிப் போயின. எரிகல் மழை என்றார்கள், ஏவுகணை என்றார்கள். அமெரிக்க வானியலாளர் ஜொனாதன் மெக்டவல் வேறு பதில் சொன்னார். 2021 பிப்ரவரியில் ஏவப்பட்ட சீனாவின் லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு அது என்றார். அந்த அடுக்கு ஏறக்குறைய அந்த நேரத்தில் விழ வேண்டியிருந்தது, தடமும் பொருந்தியது. சந்திரபூர் மாவட்டம் சிந்தேவாஹி வட்டத்தில் சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையமும் கிடைத்தது.

அவர் வெளிச்சத்தின் அழகைப் பார்த்துப் பேர் வைக்கவில்லை. நேரத்தையும் தடத்தையும் பார்த்தார். வானில் தெரியும் வெளிச்சம் எது என்று அப்படிக் கண்டுபிடிப்பது எப்படி? இன்று நான் சொல்லப்போவது முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் அன்று மகாராஷ்டிரத்தில் மக்கள் எடுத்த வீடியோக்களுக்கே வருவோம். எரிகல் காற்று மண்டலத்துக்குள் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பெரும்பாலும் ஓரிரு வினாடியில் கதை முடிந்துவிடும். சுற்றுப்பாதையிலிருந்து விழுகிற ராக்கெட் துண்டோ வினாடிக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில், கிட்டத்தட்டக் கிடையாக நுழைகிறது. அதனால் ஒரு நிமிடம்கூடத் தெரியும். உடைந்த துண்டுகள் நாலா பக்கமும் சிதறாமல் ஒரே கோட்டில் வரும். கனமானது முன்னே போகும், இலேசானது காற்றில் தடைபட்டுப் பின்தங்கும். எனவே பார்த்தவரிடம் எத்தனை வினாடி தெரிந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நிறத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வேகத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். 420 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சர்வதேச விண்வெளி நிலையம் உச்சியைக் கடக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 1 பாகை (டிகிரி) நகர்கிறது. 10 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிற விமானம் 1.4 பாகை நகர்கிறது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விமானத்துக்குச் சிவப்பும் பச்சையும் உண்டு, பளிச் பளிச்சென்று வெட்டும் விளக்கும் உண்டு. ஆனால் இறங்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு நேராக நம்மை நோக்கி வந்தால் அவை எதுவும் தெரியாது. அப்போது நகராமல் நிற்கும் வெள்ளி கிரகம் மாதிரிதான் இருக்கும்.

நம்பகமான சாட்சி பூமியின் நிழல். செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, நாம் காண்பது அதன் மேல் படும் வெயில். 400 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு நேர்மேலே இருக்கும் பொருளின் மேல் வெயில் பட வேண்டுமானால், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 20 பாகைக்குள் இருக்க வேண்டும். 550 கிலோமீட்டர் உயரத்துக்கு அது 23 பாகை. தமிழ்நாட்டில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. 20 பாகை இறங்க 80, 90 நிமிடம் போதும். நள்ளிரவில் உங்கள் உச்சியில் சீராக நகரும் வெளிச்சம் எதுவானாலும், அது பூமிக்கு அருகே சுற்றும் தாழ்பாதைச் செயற்கைக்கோள் அல்ல. "பாதி வானத்தில் அணைந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் மகிழுங்கள்: அது நிழலுக்குள் நுழைந்த செயற்கைக்கோளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நெதர்லாந்தில் இந்தக் கணக்கு மாறும். லைடனில் மே கடைசியில் நள்ளிரவிலும் சூரியன் 17 பாகைதான் கீழே போகும். 2019 மே 24 இரவு, செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் மார்கோ லாங்புரூக், முதல் 60 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் வரிசையாகப் போன 'ரயிலை' அங்கிருந்துதான் படம்பிடித்தார். அப்போது அவற்றின் பாதைத் தரவு வெளியாகவில்லை. அவரே ஒரு உத்தேசப் பாதையைக் கணக்கிட்டு வைத்திருந்தார். ரயில் மூன்று நிமிடம் முந்தி வந்தது.

இந்த மாதிரிப் பிழை உங்களுக்கும் வரும். செயற்கைக்கோள் எங்கே என்று கைபேசிச் செயலிகள் காட்டும் இடம், அதன் பாதையை இரண்டு வரி எண்களில் எழுதிய தரவிலிருந்து போடும் கணக்கு. தரவு சில நாள் பழசானாலோ இடையில் உந்துவிசை இயங்கியிருந்தாலோ, பொருள் தன் பாதையிலேயே முந்தும் அல்லது பிந்தும். சில வினாடி வித்தியாசம் என்றால் தடம் மாறாது. ஒரு நிமிடம் என்றால் அதற்குள் பூமி நிலநடுக்கோட்டருகே 28 கிலோமீட்டர் சுழன்றிருக்கும். விண்வெளி நிலையத்தின் உயரத்தில் தடமே 4 பாகை வரை விலகும். இது தெரியாமல் சரியான விடையைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய.

சுருள் வெளிச்சம்தான் அதிகமாகப் பயமுறுத்துகிறது. 2025 மார்ச் 24 இரவு ஐரோப்பாவில் பலர் கண்ட நீலச் சுருள், ஃபால்கன் 9 ராக்கெட்டின் மேல் அடுக்கு சுழன்றுகொண்டே எஞ்சிய எரிபொருளை வெளியேற்றியதால் வந்தது. உறைந்த துகள்களின் மேல் வெயில் பட்டது, அவ்வளவுதான். 2022 டிசம்பர் 15 மாலை வங்காளத்திலும் ஒடிசாவிலும் டார்ச் அடித்தது போலத் தெரிந்தது அக்னி-5 ஏவுகணைச் சோதனை. நிலத்தில் இருட்டிக்கொண்டு வந்தாலும் புகை எட்டிய உயரத்தில் வெயில் இருந்தது. இத்தகைய ஏவுதலுக்கு முன் விமானிகளுக்குக் கடற்பகுதி எச்சரிக்கை வெளியாகும். அந்தச் சோதனைக்கும் வெளியாகியிருந்தது. செயலியைத் திறக்கும் முன் அந்த எச்சரிக்கையைத் தேடுங்கள்.

பதிவு செய்யும்போது, கைபேசிக் கடிகாரம் வலைப்பின்னலோடு ஒத்திருக்கும். கேமரா கடிகாரத்தை நம்பாதீர்கள், படமெடுத்து முடித்ததும் கைபேசித் திரையின் வினாடியையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் நட்சத்திரங்களை வைத்துச் சொல்லுங்கள். நீட்டிய கையின் முஷ்டி 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. படத்தில் மட்டும் தெரிந்து கண்ணுக்குத் தெரியாத பச்சைப் புள்ளி என்றால், படத்தின் நடுவுக்கு நேர் எதிர்ப்புறம் தெருவிளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது லென்ஸுக்குள் நடந்த பிரதிபலிப்பு.

முடிந்தால் 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொருவரும் அதே வினாடியில் படம் எடுக்கட்டும், பொருளின் உயரம் பிடிபடும். தலைக்கு மேல் 420 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள பொருள் அவருக்கு 5 பாகை விலகித் தெரியும். 80 கிலோமீட்டரில் எரிகிற துண்டு ஏறத்தாழ 27 பாகை விலகும். உங்கள் உச்சியில் விமானம் போனால் அவர் அதைத் தொடுவானத்தருகே, 14 பாகை உயரத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.