மீன்ல பாதரசம் இருக்குன்னா மீனே வேண்டாமா?

அடுத்த கேள்வி. "மீன்ல பாதரசம் இருக்குன்னு ஒரு ஆய்வு. வாரம் ரெண்டு தடவை மீன் சாப்பிடுங்கன்னு இன்னொண்ணு. ஆராய்ச்சி பண்றவங்க முதல்ல அவங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வரமாட்டாங்களா?" கோபம் நியாயமானதுதான்.

ஆனா ரெண்டு ஆய்வும் சரி. எந்த மீன், எவ்வளவு, சாப்பிடுறது யாரு? இந்த மூணையும் வெட்டிட்டுப் பத்திரிகைக்காரங்க தலைப்பு போடுறாங்க. பழைய வீடியோ பார்த்தவங்க "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு"ன்னு சிரிப்பீங்க, பரவாயில்ல.

நிலக்கரி எரிக்கிறது, தங்கம் எடுக்கிறது, இதுல வெளிவர்ற பாதரசம் தண்ணியில சேருது. அடிச்சேத்துல இருக்குற பாக்டீரியா அதை மெத்தில் பாதரசம்ன்ற, உடம்புல தங்குற வகையா மாத்துது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது ஏறிக்கிட்டே போகும். அதனால சுறா, வாள்மீன்ல அதிகம். மத்தி, நெத்திலியில ரொம்பக் குறைவு.

தோலை உரிச்சா, நல்லா வேகவெச்சா போயிடுமான்னு கேப்பீங்க. போகாது, அது தசையில இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பிசிபின்னு இன்னொரு மாசு கொழுப்புல தங்கும். அதுக்குத் தோலையும் கொழுப்பையும் எடுத்தா நல்லாவே குறையும். "மீனைச் சுத்தம் பண்ணிச் சாப்பிடுங்க"ன்னு பொத்தாம்பொதுவா எழுதுற அறிவுரை ஏன் உதவாதுன்னு இப்போ புரியுதா?

2001-ல அமெரிக்காவுல கர்ப்பிணிகளுக்கு அரசு ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. சுறா, வாள்மீன் உட்பட நாலு வகை வேண்டாம்னு. மத்த மீன் வாரத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம் வரைக்கும் சாப்பிடலாம்னும் அதுலயே இருந்துச்சு. என்ன ஆச்சு? மாசசூசெட்ஸ்ல கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வுல, அந்த நாலு வகையில சேராத மீனையும் அவங்க குறைச்சுட்டது தெரிஞ்சது. குழந்தையோட மூளைக்கு வேண்டிய ஒமேகா-3ன்ற நல்ல கொழுப்பும் அதோட குறைஞ்சு போச்சு. "வேண்டாம்" மட்டும்தான் காதுல விழுந்திருக்கு. 2017-ல பட்டியலைத் திருப்பிப் போட்டாங்க. முதல்ல சிறந்த தேர்வுகள், அப்புறம் நல்லவை, கடைசியிலதான் தவிர்க்க வேண்டியவை. முதல் பட்டியல்ல இருந்து வாரம் 2 அல்லது 3 தடவை, தடவைக்கு 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். எதைத் தின்னலாம்னு சொன்னாத்தான் ஜனங்க கேப்பாங்கன்றது என் கட்சி.

ஆனா இதைவிட நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: "நூறு பேர்ல எத்தனை பேருக்குப் பாதிப்பு வரும்?" இதுக்கு மீனை விட்டுட்டு இறைச்சியை உதாரணமா எடுத்துப்போம். 2015-ல பதப்படுத்துன இறைச்சியை உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் முகமை முதல் பிரிவுல, அதாவது புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பொருட்களோட பட்டியல்ல வெச்சுது. புகையிலையும் அங்கதான் இருக்கு. உடனே "சிகரெட்டும் சாசேஜும் ஒண்ணு"ன்னு கிளம்பிட்டாங்க. ஆதாரம் எவ்வளவு உறுதின்னு மட்டும்தான் அந்தப் பிரிவு சொல்லும், ஆபத்து எவ்வளவு பெருசுன்னு சொல்லாது. அப்போ அந்த முகமை எடுத்துக்காட்டின மதிப்பீடே, வருஷத்துக்குப் புகைப்பழக்கத்தால வர்ற புற்றுநோய்ச் சாவு சுமார் 10 லட்சம், பதப்படுத்துன இறைச்சியை அதிகமா சாப்பிடுறதால சுமார் 34,000.

தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் 18% அதிகம்னு போட்டாங்க. எதுல 18%? நூறு பேர்ல 5 பேருக்கு வரும்னு வெச்சுக்கோங்க, அது கிட்டத்தட்ட 6 ஆகும். இந்த வீடியோ பாக்குற பத்திரிகை நண்பர்களே, தலைப்புல இடம் பத்தலைன்னா 18-ஐத் தூக்கிட்டு அந்த 5-ஐயும் 6-ஐயும் போடுங்க. சரி, அடுத்த கேள்வி.