ஃபான் ராங்கில் இறங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வியட்நாம் போய்வந்தோம் என்று சொன்னால் நம் ஊரில் உடனே வரும் கேள்வி இரண்டு. ஹா லாங் விரிகுடா பார்த்தீர்களா? பா நா மலையில் இரண்டு பெரிய கைகள் தாங்கி நிற்கும் பாலம் பார்த்தீர்களா? இரண்டையும் நாங்கள் பார்க்கவில்லை. என் கணவரும் நானும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு போனது கடலோர ஊர்களுக்கு. தனாங்கில் தொடங்கித் தெற்கே இறங்கி சைகோன் வரை. கையில் இருந்த பணத்துக்குள் முடிய வேண்டும் என்று போட்ட திட்டம்தான் அது. ஆனால் நிறையப் பணத்தோடு போகிறவர்களுக்கும் இதே வழியைத்தான் இன்று சொல்வேன். ஏன் என்பதையும், அந்த வழியில் ஃபான் ராங் என்ற ஊரில் ஏன் இறங்க வேண்டும் என்பதையும்தான் பேசப் போகிறேன்.

வியட்நாமுக்குக் கடற்கரை மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு ரயில் பாதை, பெரும்பாலும் கரையை ஒட்டியே ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1936-இல், முழுப் பாதையும் முடிந்தது. அப்புறம் நாடு இரண்டானதும் பாதையும் துண்டானது. போரில் பாலங்கள் போயின. போர் முடிந்து 1976 டிசம்பர் 31 அன்று மறுபடியும் வண்டி ஓடியது. அந்த வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதை விட மலிவான, நல்ல சுற்றுலா வியட்நாமில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குறைந்த செலவில் சுற்றுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனை ஒன்று உண்டு. இரவு பஸ்ஸில் படுத்துக்கொண்டே போய்விடு, அறை வாடகை மிச்சம் என்பார்கள். படுக்கை பஸ் அங்கே நன்றாகவே இருக்கிறது. ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் மூன்று வரிசைகளில் ஒன்றில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலைப் பார்க்கப் போய்விட்டுக் கடலோரத்தை இருட்டில் கடப்பதில் என்ன மிச்சம்? ஆகவே நாங்கள் செய்தது இது. சைகோனில் இறங்கியதும் ஒரே ஒரு இரவு ரயிலில் நேராகத் தனாங் வரை ஏறிவிட்டோம். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அங்கிருந்து பகல் வண்டிகளில் ஊர் ஊராக இறங்கி, திரும்பும் விமானத்துக்கு சைகோன் வந்து சேர்ந்தோம்.

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது சைகோனுக்கு, 2023 நவம்பரில் நேரடி விமானம் வந்தது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. விசாவை வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர். அரசின் சொந்த இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே போலத் தோற்றம் காட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன, கூடுதலாகக் கறப்பார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டாங் நோட்டில் சைபர்கள் அதிகம். மூன்று சைபரை நீக்கிவிட்டு மிச்சத்தை மூன்றால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொண்டால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும். இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம். மங்கிய வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒரு காபிக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் போய்விடும். ஐந்து லட்சத்தை வேறு உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருவர் சேர்ந்து சிக்கனமாகப் போகும்போது சண்டை வருவது பெரிய செலவில் இல்லை, சின்னச் செலவில்தான். அதனால் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம். விட்டுக்கொடுக்க முடியாதது ஆளுக்கு ஒன்று. எனக்குப் பகல் ரயிலில் ஜன்னல். அவருக்கு நாளைக்கு ஒரு வேளையாவது நிம்மதியான சைவச் சாப்பாடு. இந்த இரண்டிலும் கணக்குப் பார்ப்பதில்லை, மற்ற எல்லாவற்றிலும் பார்க்கலாம் என்று முடிவு. அது நன்றாகவே வேலை செய்தது.

சைவச் சாப்பாடு அங்கே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மீன் சாறு, அதாவது நுவொக் மாம், அது இல்லாத குழம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பௌத்தம் வேரூன்றிய நாடு. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும், அவர்கள் சந்திர நாட்காட்டியில் ஒன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும், புலால் விடுகிறவர்கள் நிறையப் பேர். சிறிய ஊரிலும் ஒரு சைவக் கடை இருக்கும். பலகையில் சி, ஹெச், ஏ, ஒய் என்று நான்கு எழுத்து, சொல்லும்போது 'சாய்'. சோறு, இரண்டு மூன்று வகை டோஃபு, கீரை, ஒரு கிண்ணம் சூப். எங்களுக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் எங்கேயும் ஆகவில்லை. தங்கும் அறைகள் ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைத்தன, சுத்தமாகவும் இருந்தன.

ஹோய் ஆன் பற்றி நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தனாங்கிலிருந்து முப்பது கிலோமீட்டர். 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக நகரம், ஜப்பானியர் கட்டிய மூடுபாலம், மாலையில் தெருவெல்லாம் காகித விளக்கு. மாலையில் கூட்டம் நெரிக்கும். விடிகாலையில், கடை திறக்கும் முன்னால் சைக்கிளில் போய்ப் பாருங்கள். மஞ்சள் சுவர்கள், நீர் தெளித்துப் பெருக்கும் பெண்கள், ஆற்றங்கரைச் சந்தைக்கு வந்திறங்கும் காய்கறி. டான் கீ என்ற பழைய வணிகர் வீட்டில் வெள்ளம் எந்த ஆண்டில் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் அந்த ஊருக்குள் ஆறு வந்துவிடும். நடுவியட்நாம் கடற்கரைக்குப் போக பிப்ரவரி முதல் மே வரைதான் நல்லது.

அதே பகுதியில்தான் மீ சன் இருக்கிறது. சாம் மக்களின் பழைய அரசு சம்பா. அதன் அரசர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரும்பகுதி நொறுங்கியது. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தது. 2020-இல் அந்த வேலையின்போதுதான் ஒரே கல்லில் செதுக்கிய லிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிவந்தது. குண்டு விழுந்த பள்ளங்களில் இன்று புல் முளைத்திருக்கிறது. செங்கல் சுவரில் துளைகள் அப்படியே தெரிகின்றன.

தனாங்கிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தெற்கே குய் நோன். ரயில் பெரும்பாதை ஊருக்குள் போவதில்லை, பத்துக் கிலோமீட்டர் தள்ளி தியூ ட்ரி என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். வெளிநாட்டவர் கூட்டம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. பிறை போல வளைந்த கடற்கரை. காலை ஐந்து மணிக்கு ஊரே கடலில் நிற்கிறது. தாத்தா பாட்டிகள் கழுத்தளவு தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏழு மணிக்குள் வெயில் ஏறியதும் எல்லாரும் போய்விடுவார்கள், கடற்கரை காலியாகிவிடும்.

ஊருக்குத் தெற்கே மீனவர் குடியிருப்புகள். பரிசலை அங்கே கடலில் விடுகிறார்கள் என்பதை நேரில் பார்க்கும் வரை நான் நம்பவில்லை. மூங்கில் பிளாச்சில் பின்னி, பிசின் பூசிய வட்டமான கூடை. பெரிய படகுகள் கரைக்கு வர முடியாமல் ஆழத்தில் நிற்கும். இந்தக் கூடைப்படகுதான் அங்கே போய் மீனை ஏற்றிவரும். ஒருவர் நின்றபடி ஒற்றைத் துடுப்பை முன்னால் இடமும் வலமுமாக அசைக்க, கூடை சுழலாமல் நேராக வருகிறது. அலை உடையும் இடத்தில் அவர் ஒரு கணம் நிறுத்துவார், அலை கடந்ததும் ஒரே இழுப்பில் கரை. அதற்குள் பெண்கள் தராசோடும் ஐஸோடும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். மீன் மணலைத் தொடுவதற்குள் விலை பேசி முடிந்துவிடும். இதைப் பார்க்கக் கட்டணம் ஏதும் இல்லை.

குய் நோனை ஒட்டி மலைக்கும் கடலுக்கும் நடுவில் குய் ஹோவா என்ற இடம். 1929-இல் தொழுநோயாளர்களுக்காக உருவான குடியிருப்பு. ஹான் மாக் து என்ற கவிஞர் 1940-இல், இருபத்தெட்டு வயதில், அங்கேதான் இறந்தார். வியட்நாமியர்கள் இன்றும் அவருடைய கவிதைகளைக் கொண்டாடுகிறார்கள். நோய் தீர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே வாழ்கிறார்கள். அமைதியான, மரங்கள் நிறைந்த தெருக்கள். அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நடப்பது நல்லது.

டுய் ஹோவா தாண்டியதும் வண்டி கா கணவாயில் புகுந்து புறப்படும். இடது பக்கம் உட்காருங்கள். குகைக்குக் குகை நடுவில் கடல் தெரியும். அதற்கடுத்த நா ட்ராங்கில் அடுக்குமாடி விடுதிகள்தான் கரை முழுவதும். போ நகர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு மறுநாளே கிளம்பினோம். சாம் மக்களின் பகவதியை இன்று வியட்நாமியர்கள் தங்கள் அன்னையாக வைத்துக் கும்பிடுகிறார்கள். பத்துக் கைகளோடு இருக்கும் அம்மனுக்கு மஞ்சள் பட்டு சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, பழத்தட்டு வைக்கிறார்கள்.

நா ட்ராங்கிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டரில் தாப் சாம் நிலையம். ஃபான் ராங் ஊருக்கான நிறுத்தம். வண்டியில் வந்த வெளிநாட்டவரில் அங்கே இறங்கியது நாங்கள் மட்டும்தான். வியட்நாமிலேயே மழை மிகக் குறைந்த பூமி. உப்பளம், திராட்சைக் கொடி, கள்ளி, ஆட்டு மந்தை. சம்பா அரசின் கடைசிப் பகுதி இது. பாண்டுரங்கம் என்று பெயர். வடக்கே விஜயா நகரம் 1471-இல் வீழ்ந்த பிறகும் இது 1832 வரை தாக்குப்பிடித்தது. சாம் மக்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் பானி என்ற, இஸ்லாம் கலந்த சமயத்தவர். இன்னொரு பிரிவினர் சிவ வழிபாட்டைத் தங்கள் முறையில் காத்து வருகிறவர்கள். மாட்டிறைச்சி உண்பதில்லை. சொத்து பெண்வழி போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே குன்றின் மேல் போ க்லோங் கராய் கோயில். எழுநூறு ஆண்டுப் பழமை. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் சாந்து தெரியவே தெரியாது. வாசலுக்கு மேலே ஆறு கைகளோடு ஆடும் சிவன். உள்ளே நுழைந்ததும் நந்தி. கருவறையில் முகம் செதுக்கிய லிங்கம், அந்த முகம் அரசருடையது. அக்டோபர் வாக்கில் வரும் காதே திருவிழாவில் இங்கே கூட்டம் பொங்கும். மீ சன்னில் வழிபாடு நின்று பல நூற்றாண்டாகிறது. இங்கே அது நிற்கவில்லை. அதனால்தான் நா ட்ராங்கை விட்டாலும் ஃபான் ராங்கை விடாதீர்கள் என்கிறேன்.

ஊருக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டரில் பாவ் ட்ருக், குயவர் கிராமம். வேலை பெரும்பாலும் பெண்கள் கையில். சக்கரம் கிடையாது. மண்ணை ஒரு மேடையில் வைத்துவிட்டு அந்த அம்மா பானையைச் சுற்றிப் பின்னோக்கி நடக்கிறார். கை ஒரே இடத்தில், கால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விளிம்புக்கு ஈரத்துணி. வயிற்றுப்பகுதியை மூங்கில் வளையத்தால் வழிக்கிறார். பானை வட்டம் பிசகாமல் வருகிறது. சூளையும் கிடையாது, வெட்டவெளியில் விறகும் வைக்கோலும் போட்டுச் சுடுகிறார்கள். 2022-இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்க வேண்டிய கலைகளின் பட்டியலில் சேர்த்தது. கற்றுக்கொள்ள இளம்பெண்கள் முன்வருவது குறைகிறது என்பதுதான் கவலை. பையில் இடம் இல்லாவிட்டாலும் சின்னதாக ஒரு பொம்மையாவது வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம்.

மாலையில் தெருவோரம் பான் கான் சாப்பிட்டோம். நம் பணியாரக் கல்லேதான், ஆனால் மண்ணில் செய்தது. கீழே கரி அடுப்பு. குழிகளில் அரிசி மாவை ஊற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி மண் மூடி. முட்டையோ இறாலோ வேண்டுமானால் சேர்ப்பார்கள். என் கணவருக்கு எதுவும் சேர்க்காமல், வெங்காயத்தாள் எண்ணெயும் மாங்காய்த் துருவலும் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். இருவர் வயிறார உண்டு இருநூறு ரூபாய் ஆகவில்லை.

அங்கிருந்து சைகோன் ஒரு பகல் பயணம். நேரம் இருந்தால் நடுவில் ஃபான் தியெட்டில் இறங்கி மணல் மேடுகளைப் பார்க்கலாம். நாங்கள் அந்த நாளை ஃபான் ராங்குக்கே கொடுத்தோம். சைகோனில் பென் தான் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் நம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியர்களும் சீனர்களும் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

ஒரு விவரம் மட்டும் பாக்கி. 2025 ஜூலை முதல் அங்கே மாகாணங்களை இணைத்துவிட்டார்கள். ஃபான் ராங் இப்போது கான் ஹோவா மாகாணத்தில், குய் நோன் கியா லாய் மாகாணத்தில், ஹோய் ஆன் தனாங் மாநகரத்துக்குள். பழைய வரைபடத்தை வைத்துத் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையங்களின் பெயர் மாறவில்லை. பயணச்சீட்டு எடுக்கும்போது ஃபான் ராங் என்று தேடாமல் தாப் சாம் என்று தேடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் கேட்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.