தண்ணீர்கூடக் கலக்கவில்லை, சார்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில், தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில், உணவுப் பகுப்பாய்வில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.

அவைக்கு வணக்கம். வரும் வழியில் ஒரு கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். தட்டு வருவதற்கு முன்னால், பழக்க தோஷம், சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர், "பட்டே சார், பட்டே" என்றார். துணிதான் என்று சொல்கிறார். 2025 பிப்ரவரியில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை மாநிலமெங்கும் இட்லி மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை விரித்து மாவு ஊற்றியது தெரிந்தது. அரசு அதைத் தடை செய்தது. அன்றிலிருந்து இந்த ஊர் இட்லிக் கடைக்காரர்களுக்கு எட்டிப் பார்க்கிறவர்களின் முகம் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது.

அந்தக் கடைக்காரர்கள் யாரும் நமக்கு நஞ்சு வைக்க நினைத்தவர்கள் அல்லர். துணியைத் தினமும் அலச வேண்டும், காயவைக்க வேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும். தாளை உரித்து எறிந்துவிடலாம். கொதிநீராவியில் அந்தத் தாளிலிருந்து என்னென்ன இட்லிக்குள் இறங்கும் என்பது அவர்களுடைய கணக்கில் இல்லை. அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்துக்கு 'உணவில் கலப்படம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். மாற்றச் சொன்னேன். நோட்டீஸ் அச்சாகிவிட்டது என்றார்கள். பரவாயில்லை. ஆனால் கலப்படம் வேறு, மாசு வேறு. கலப்படத்தில் ஒரு கை இருக்கிறது. லாபத்துக்காக ஒருவர் தெரிந்தே சேர்க்கிறார். மாசு யாரும் சேர்க்காமல் வந்து சேர்வது. மண்ணிலிருந்து, தண்ணீரிலிருந்து, பூஞ்சையிலிருந்து, பாத்திரத்திலிருந்து வருகிறது. நாம் முதலாவதைக் கண்டு நடுங்குகிறோம். இரண்டாவதைத் தினமும் காய்ச்சிக் குடிக்கிறோம்.

காய்ச்சிக் குடிக்கிறோம் என்று சொன்னது பாலை. 2018 மே முதல் அக்டோபர் வரை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நாடு முழுவதும் ஒரு பால் ஆய்வு நடத்தியது. 1,103 நகரங்களிலிருந்து 6,432 மாதிரிகள். யூரியா, சோப்புத்தூள் என்று வாட்ஸ்அப்பில் நீங்கள் பார்த்துப் பயந்திருப்பீர்களே, அப்படி உயிருக்கு ஆபத்தான கலப்படம் எத்தனை மாதிரிகளில் இருந்தது தெரியுமா? பன்னிரண்டு. அஃப்லடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது 368 மாதிரிகளில். அந்தப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது நம் தமிழ்நாடு. கைதட்ட வேண்டாம்.

இது பாலுக்குள் எப்படி வருகிறது? பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் வந்தார். அவர் பால் ஊற்றும் சங்கத்தின் மாதிரி தேறவில்லை. வாசலிலேயே நின்று, "தண்ணீர்கூடக் கலக்கவில்லை, சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. எங்கள் அறிக்கையிலும் தண்ணீர் இல்லை. "மாட்டுக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். மறுநாள் ஒரு காகிதப் பொட்டலத்தில் கடலைப் புண்ணாக்கு கொண்டுவந்தார். உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பலும் பச்சையுமாகப் படலம். மழைக்காலத்தில் கொட்டகைக் கூரை ஒழுகி மூட்டை நனைந்திருக்கிறது. காயவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். பூஞ்சை காய்ந்துவிடும், அது உமிழ்ந்த அஃப்லடாக்சின் நஞ்சு காயாது. மாடு தின்றால் அதன் கல்லீரல் அந்த நஞ்சை எம்1 ஆக மாற்றி ஒரு நாளுக்குள் மடிக்கு அனுப்பிவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. புண்ணாக்கை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும் என்று சொன்னேன். "மீதி மூன்று மூட்டையை என்ன செய்ய?" என்று கேட்டார். அதற்கு ஆய்வுக்கூடத்தில் பதில் இல்லை.

இந்த நஞ்சு எவ்வளவு கொடியது என்பதற்கு ராஜஸ்தான், குஜராத் எல்லையில் 1974இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பான்ஸ்வாடா, பஞ்சமகால் மாவட்டங்களில் அறுவடை நேரத்தில் காலம் தப்பிய மழை. மக்காச்சோளம் ஈரத்தோடு வீட்டுக்கு வந்தது, பூஞ்சை பிடித்தது. ஏழைகளுக்கு வேறு தானியம் இல்லை. மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வீடுகளில் அதே சோற்றைத் தின்ற நாய்களும் செத்தன. கொள்ளை நோயாக இருக்குமோ என்று தேடியவர்களுக்கு அந்த நாய்கள்தாம் துப்பு.

சரி, வரம்பு என்றேனே, அது என்ன? பாலில் எம்1 ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பத்து டன் பால் லாரிகள் நூறு வரிசையாக நின்றால், அத்தனை லாரிப் பாலிலும் சேர்த்து அரை கிராம். ஐரோப்பாவில் இந்த வரம்பு 0.05, நம்முடையதில் பத்தில் ஒரு பங்கு. ஐரோப்பியர் கல்லீரல் நம் கல்லீரலைவிடப் பத்து மடங்கு மென்மையானதா? இல்லை. வரம்பு என்பது நஞ்சுக்கும் அமிர்தத்துக்கும் நடுவே இயற்கை போட்ட கோடு அன்று. மருத்துவர், விவசாயி, வியாபாரி, இத்தனை நுணுக்கமாக அளக்கும் கருவி ஆகிய நால்வரும் உட்கார்ந்து பேசி முடித்த பேரம். 1963 முதல் உலக அளவில் இந்தப் பேரத்தை நடத்துவது கோடெக்ஸ் ஆணையம். இங்கே அதை நடத்துவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. மாசுகளுக்கான விதிகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடுப்புச் சட்டம்தான். அதன் பெயரிலேயே பாருங்கள், கலப்படம்!

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பார்கள். உப்புக்கும் சர்க்கரைக்கும் பொருந்தும். ஈயத்துக்குப் பொருந்தாது. வாரத்துக்கு இவ்வளவு ஈயம் உடம்புக்குள் போனால் பாதகமில்லை என்று முன்பு ஓர் அளவு வைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட பொருளுக்கும் சட்டத்தில் எண் இருக்கிறது. மண்ணில் ஈயம் இருக்கிற வரையில் சுழியம் என்று எழுதினால் எந்தக் கிழங்கும் தேறாது.

நான் ஈரோட்டுக்காரன். மஞ்சளைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் ஊரில் சேர்க்க மாட்டார்கள். வேகவைத்துக் காயவைத்த விரலி மஞ்சள் பார்க்க அழகாகவே இருக்காது. மண் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். உருளையில் போட்டுச் சுற்றி மேல்தோலைத் தேய்த்து எடுப்பார்கள். கடைசிச் சுற்றில் நிறத்துக்காக மஞ்சள்தூளையே தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது முறை. அந்த இடத்தில்தான் சபலம் நுழைகிறது. பெயிண்டில் சேர்க்கும் குரோம் மஞ்சள், அதாவது ஈய குரோமேட், ஒரு கைப்பிடி போட்டால் கறுத்த கிழங்கும் பொன்னாக மின்னும். எடையில் ஏறத்தாழ 64 விழுக்காடு ஈயம். நம் நாட்டில் மஞ்சளுக்கான ஈய வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் குரோம் மஞ்சள், 64 கிலோ சுத்தமான மஞ்சளை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். வங்கதேசத்தில் வரம்பு 2.5. ஐரோப்பாவில் 1.5. நம்முடைய 10 எனக்குச் சம்மதமில்லை. கிழங்கு மண்ணிலிருந்து எடுக்கும் ஈயத்துக்கு இவ்வளவு தாராளம் தேவையில்லை என்பது என் கருத்து.

வங்கதேசத்தின் கதை கேட்கத்தக்கது. 1980களில் ஒரு வெள்ளம். நனைந்து கறுத்த மஞ்சளை விற்க யாரோ இந்த நிறத்தைத் தொட்டார்கள். பிறகு வெயில் அடித்த ஆண்டிலும் விடவில்லை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு என்று தேடிப்போன ஆய்வாளர்கள் கடைசியில் அடுக்களை டப்பாவில் வந்து நின்றார்கள். 2019இல் அரசு டாக்காவின் மொத்தச் சந்தைக்குள் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு இறங்கி, அங்கேயே அளந்து, அங்கேயே அபராதம் போட்டது. அந்த ஆண்டு சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. கை இருந்தால் அந்தக் கையைப் பிடிக்கலாம். பால்காரரின் ஒழுகும் கூரையை எந்தக் கருவியால் பிடிப்பது?

நம் ஊர் கோபி மஞ்சூரியனையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்பார்கள். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு சோதித்த 171 கோபி மாதிரிகளில் 107இல் பாதுகாப்பற்ற செயற்கை நிறங்கள். துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி எந்த உணவிலும் கூடாது. ஆனால் அங்கே கிடைத்தவற்றில் டார்ட்ராசினும் சன்செட் எல்லோவும்கூட இருந்தன. அவை இனிப்பு வகைகள் சிலவற்றில், அளவோடு, சட்டப்படி அனுமதிக்கப்பட்டவை. 'டப்பாவில் உணவு நிறம் என்றுதானே போட்டிருக்கிறது' என்று ஒரு தள்ளுவண்டிக்காரர் கேட்டால் அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எது என்பதோடு, எதில் என்பதும் சட்டம்.

சட்டத்தில் உங்களுக்கே ஓர் உரிமை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அலுவலர் மாதிரி எடுத்தால் நான்காகப் பிரித்து முத்திரையிடுவார். பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அது அவர்கள் வேலை. ஆனால் 40ஆம் பிரிவின்படி, கடையில் வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். குற்றம் தெரிந்தால் கட்டணம் திரும்ப வரும். ஒரு நிபந்தனை: சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அவர் எந்த மூட்டையிலிருந்து அளந்து தருவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

கண்ணாடித் தம்ளரில் மஞ்சள்தூளைக் கொட்டிப் பார்க்கும் வீட்டுச் சோதனையைச் செய்து காட்டச் சொன்னார்கள். காட்டவில்லை. அது அடாவடித் திருடனைக் காட்டிக்கொடுக்கும், மைக்ரோகிராமைக் காட்டாது.

வீட்டில் நான் செய்வது ஒன்றுதான். கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடி கடலைக்காய்த் திருவிழாவில் வழக்கம்போல் இரண்டு சேர் வாங்குவேன். உரித்து முறத்தில் பரப்பி, சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் தொட்டது என்று பொறுக்குவேன். அஃப்லடாக்சின் மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் குவிந்திருக்கும். அதனால்தான் ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்க 20 கிலோ வரை எடுத்து, முழுவதையும் அரைத்த பிறகே அளப்போம். போன முறை எட்டுப் பருப்பு ஒதுக்கினேன். "காக்கைக்குப் போடவா?" என்று கேட்டாள் மனைவி. வேண்டாம் என்றேன். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள்.