கேட்காதவருக்கும் செஷன் திறக்கும் சர்வர்

வணக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் அமர்ந்து பேசுகிறேன். இடையில் நாகஸ்வரம் கேட்டால் அது அடுத்த வீட்டுக் கல்யாணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் நான் பார்த்த ஜாவா வெப் சர்வீஸ் ஒன்று, அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பதில் பெறும் நிரல், டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நன்றாக இயங்கும்; பதினொரு மணிக்கு மேல் தளர்ந்து, நினைவகம் தீர்ந்துவிட்டதென்று விழுந்துவிடும். டேட்டாபேஸைச் சந்தேகித்தார்கள், ஜாவா நிரலுக்கு ஒதுக்கிய நினைவகமான ஹீப்பின் அளவை இரட்டிப்பாக்கினார்கள், விழும் நேரம்தான் சற்றுத் தள்ளிப்போனது. அந்த நினைவகத்தின் நகலான ஹீப் டம்ப் எடுத்துப் பார்த்தபோது, அதில் நிறைந்து கிடந்தவை ஸ்டாண்டர்ட்செஷன் ஆப்ஜெக்டுகள். அழைப்பவர் ஒவ்வொருவரையும் நினைவில் வைக்க சர்வர் திறக்கும் பதிவுதான் செஷன்; டாம்கேட்டில் அதன் வடிவம் இது.

எங்கள் ஐயா வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். வந்தவர் பழைய கணக்குச் சீட்டைக் காட்டவில்லை என்பதற்காக ஒவ்வொரு முறையும் பேரேட்டில் புதுப்பக்கம் திறந்தால், ஐந்தொகை போடுவதற்குள் பேரேடே தீர்ந்துவிடும். இங்கும் அதுவே நடந்தது. நிரலில் செஷனைக் கேட்கும் கட்டளையான கெட்செஷனை வெறுமனே அழைத்தால், செஷன் இல்லாதபோது புதிதாக ஒன்று உருவாகிவிடும். அழைப்பவர் பிரௌசராக இருந்தால் செஷனின் அடையாள எண்ணைத் தாங்கிய ஜேசெஷன்ஐடி குக்கியை அடுத்த முறை திருப்பி அனுப்புவார். வெப் சர்வீஸை அழைக்கும் ஜாவா நிரலான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் கிளையன்ட்டோ, நாமாகச் சொன்னாலொழிய அதை வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புதுச் செஷன் பிறந்து, டாம்கேட்டின் இயல்பான கெடுவான 30 நிமிடம் சும்மா கிடக்கிறது.

கணக்குப் போடுவோம். நொடிக்கு 10 அழைப்பு வந்தால் 1,800 நொடியில் 18,000 செஷன். அழைப்பு கூடி அதுவே 50 ஆனால் 90,000. ஒன்றுக்கு 10 கிலோபைட் என்று வைத்துக்கொண்டாலும் 900 மெகாபைட் போய்விடுகிறது. காலையில் பிழைத்தது பதினொரு மணிக்கு விழுந்ததன் காரணம் இவ்வளவுதான்.

செஷனைத் திறப்பவர் யார் என்று ஊகிக்க வேண்டாம். செஷன் பிறக்கும்போது தகவல் பெறும் எச்டிடிபிசெஷன்லிஸனர் ஒன்றை எழுதி, செஷன் உருவாகும் முதல் சில தடவை மட்டும் ஸ்டாக் ட்ரேஸை, அதாவது எந்த வரி எதை அழைத்தது என்ற வரிசையை, பதிவு செய்யுங்கள். எனக்கு அகப்பட்டது, பயனர் பெயரைக் குறித்துவைக்க யாரோ எழுதிய ஒரு ஃபில்டர், அதாவது ஒவ்வோர் அழைப்பும் முதலில் கடந்துபோகும் நிரல் துண்டு. அதில் குறித்துவைத்த பெயரை அந்த அழைப்புக்குப் பின் எவரும் பயன்படுத்தவே இல்லை. புதிதாக உருவாக்காதே என்று கெட்செஷனுக்கு ஃபால்ஸ் கொடுத்து, செஷன் இல்லை என்று பொருள்படும் null வந்தால் விட்டுவிடும்படி மாற்றினேன்.

பாதுகாப்பைக் கவனிக்கும் நூலகமான ஸ்பிரிங் செக்யூரிட்டியில், செஷன் வேண்டாம் எனும் ஸ்டேட்லெஸ் அமைப்பை வைத்துவிட்டோமே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அது அந்த நூலகம் செஷனைத் தொடாமல் தடுக்குமே தவிர, உங்கள் சொந்த நிரல் கெட்செஷனை அழைத்தால் செஷன் பிறக்கவே செய்யும். ஜாவாவில் வலைப்பக்கம் எழுதும் ஜேஎஸ்பி பக்கங்களும் அப்படித்தான். பக்கத்தின் தலைப்பிலேயே செஷன் வேண்டாம் என்று எழுத வேண்டும்.

ஒரே நேரத்தில் இருக்கும் செஷன்களின் எண்ணிக்கைக்கு மேக்ஸ்ஆக்டிவ்செஷன்ஸ் அமைப்பில் வரம்பு வைக்கலாமா என்றால், டாம்கேட்டில் அது இயல்பாக -1, அதாவது வரம்பே இல்லை. வரம்பு வைத்தால், நிறைந்தபின் புதுச் செஷன் கேட்கும் அழைப்பு பிழையோடு திரும்பும், நல்ல வாடிக்கையாளருடையதும் சேர்த்து. நிரலைத் திருத்த நாளாகும் என்றால் கெடுவை 2 நிமிடமாகக் குறையுங்கள். 90,000 என்பது ஏறத்தாழ 6,000 ஆகிவிடும். ஆனால் அதே செயலியில் மனிதர்கள் உள்நுழையும் பக்கம் இருந்தால், படிவத்தைப் பாதி நிரப்பியவர் வெளியே தள்ளப்படுவார். அந்தப் பக்கத்தைத் தனிச் செயலியாகப் பிரித்த பிறகே கெடுவைத் தொடுங்கள்.